பத்து எண்ணும் வரை

…இரண்டா மூன்றா, எண்ணும்போதே விட்டுவிட்டேனே, கேள்வி முடிந்த உடனே எண்ணச் சொன்னாரா, இல்லை ஒரு மூச்சு இழுத்துவிட்டு எண்ணச் சொன்னாரா, சரி, இரண்டு என்றே வைத்துக்கொள்வோம், இரண்டு, இன்னும் எட்டு இருக்கிறது, கடவுளே, எட்டா… அறுபத்திரண்டு பேர் என்னையே பார்க்கிறார்கள், நான் யாரைப் பார்ப்பது, தலைக்கு மேலே வரிசையாக மூன்று மின்விசிறி, நடுவில் இருப்பது மட்டும் சுற்றுக்கு ஒரு தடவை டக் என்கிறது, இருபத்திரண்டு வருஷமாக இதே அறையில் இயற்பியல் எடுக்கிறேன், அது டக் என்பதை இன்றைக்குத்தான் கேட்கிறேன், எப்படிக் கேட்கும், நான்தான் வாயை மூடியதே கிடையாதே. கேள்வி ஒன்றும் பெரிய கேள்வி இல்லை, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய ஓர் அறை, நடுவில் ஒரு ஃப்ரிட்ஜ், அதன் கதவை மட்டும் திறந்து வைத்து ஓடவிட்டால் சாயங்காலத்துக்குள் அறை குளிருமா, சூடாகுமா, அப்படியே இருக்குமா, இவ்வளவுதான், வருஷா வருஷம் கேட்கிற கேள்வி. வருஷா வருஷம் கேட்ட கையோடு நானே பதிலையும் சொல்லிவிடுகிற கேள்வி. இன்றைக்குப் பதில் தொண்டையில் வந்து நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை, பின்னால் கடைசி பெஞ்சில் ஸ்டாப்வாட்ச் உட்கார்ந்திருக்கிறார்.

ஸ்டாப்வாட்ச் என்பது நாங்கள் வைத்த பெயர். கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வரப்போகிறார் என்று முதல்வர் அறையிலிருந்து சுற்றறிக்கை வந்தபோது எங்கள் ஆசிரியர் அறையில் ஒரே சிரிப்பு, நமக்கே டியூஷனா என்றார் வேதியியல்காரர், எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, இருபத்திரண்டு வருஷம் எடுத்த பாடத்தில் இவர் என்ன புதுசாகச் சொல்லிக் கிழிக்கப் போகிறார் என்று. வந்தவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஒல்லி, கழுத்தில் விளையாட்டு ஆசிரியர் மாதிரி ஒரு ஸ்டாப்வாட்ச், எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லமாட்டார், நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பார், முதல் நாள் நான் காது கேட்காதோ என்று நினைத்து இரண்டாம் தடவை உரக்கக் கேட்டேன். அவர்தான் சொன்னார், கேள்வி கேட்டுவிட்டுப் பத்து எண்ணுங்கள் என்று, மனசுக்குள்ளே, உதடு அசையாமல், கரும்பலகைப் பக்கம் திரும்பாமல். "சாக்பீஸக் கீழ வச்சிடுங்க மேடம், கையில இருந்தா அதுவே போய் எழுதிடும்" என்றார். வைத்துவிட்டேன். இப்போது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, புடவைத் தலைப்பை நாலு தடவை சரிசெய்தாயிற்று, எண்ணிக்கை மூன்றா நாலா, நாலு என்றே எடுத்துக்கொள்ளலாம், யார் வந்து கேட்கப் போகிறார்கள்… கேட்பார், அவர் கையில்தான் கருவி இருக்கிறதே.

திங்கட்கிழமை சாயங்காலம் எல்லாரும் போனபிறகு ஆசிரியர் அறையில் என் வகுப்பை எனக்கே போட்டுக் காட்டினார், முந்தின வெள்ளிக்கிழமை எடுத்த படம், ஐம்பது நிமிஷம். அந்தப் பொம்பளை யார் என்று இருந்தது எனக்கு, அப்படி ஒரு கீச்சுக் குரலா என்னுது, என்ன வேகம், பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பெயர் எக்ஸ்பிரஸ் என்று தெரியும், வேகமாக எடுப்பதால் என்று பெருமையாகக்கூட நினைத்துக்கொண்டிருந்தேன், படத்தைப் பார்த்தபிறகுதான் புரிந்தது, நடுவில் எந்த ஸ்டேஷனிலும் நிற்பதில்லை. கேள்வி, பதில், கேள்வி, பதில், இரண்டும் நானே, ஒற்றை ஆள் நடத்துகிற நாடகம், எதிரே அறுபத்திரண்டு பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். படம் முடிந்ததும் அவர் தன் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "நாப்பத்தி மூணு கேள்வி கேட்டீங்க மேடம். நாப்பத்தொண்ணுக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க." மீதி இரண்டு என்ன ஆச்சு என்று கேட்டேன், அதையாவது பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள் என்று ஒரு நப்பாசை. அந்த இரண்டும் 'புரியுதா'வாம். அதற்கும் சரி என்று நானே தலையாட்டிவிட்டேனாம். சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார், நல்ல மனுஷர்தான், குத்திக் காட்டுகிறவர் கிடையாது. ஒரு கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் சராசரியாக ஒரு விநாடிகூட இல்லை, அதற்குள் யார் யோசிக்க முடியும், நானே யோசிக்க முடியாது.

சிரிப்பெல்லாம் கொஞ்ச நேரம்தான். அதற்கப்புறம் படத்தை மறுபடி ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார், மூணாவது பெஞ்சைக் கொஞ்சம் பாருங்க என்றார். மூணாவது பெஞ்சு ஜன்னலோரம் ஒரு பெண், கண்ணாடி போட்டவள், பேனா மூடியைக் கடிக்கிற பழக்கம், ஒரு வார்த்தை பேசி நான் கேட்டது கிடையாது, எல்லாரும் அவளை ஊமைக்கோட்டான் என்று கேலி செய்வார்கள், நானும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். படத்தில் நான் கேள்வி கேட்கிறேன், அவள் பேனாவை வாயிலிருந்து எடுக்கிறாள், முதுகு நிமிர்கிறது, வாய் திறக்கிறது, அதற்குள் நான் பதிலைச் சொல்லிக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுகிறேன், அவள் வாயை மூடிக்கொண்டு மறுபடி மூடியைக் கடிக்கிறாள். ஒரு தடவை இல்லை. மூன்று தடவை. மூன்றாம் தடவை வாய் பாதி திறந்து, என் முதுகைப் பார்த்து, சின்னதாகச் சிரித்துக்கொண்டு மூடிக்கொள்கிறாள், அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, கோபமாக முறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. உள்மதிப்பெண் பட்டியலில் 'வகுப்பில் ஈடுபாடு' என்று ஒரு கட்டம் உண்டு, போன மாதம்தான் அவள் பெயருக்கு நேரே குறைவு என்று என் கையால் எழுதினேன். எழுதிவிட்டு நிம்மதியாக டீ குடித்தேன். இந்தக் கையை என்ன செய்வது.

ஐந்து. இல்லை ஆறு. முன்பெஞ்சில் ஒரு சலசலப்பு, மேம் பாடத்தை மறந்துட்டாங்களோ என்று ஒருத்தன் பக்கத்தில் இருப்பவனிடம் கிசுகிசுக்கிறான், எனக்கு நன்றாகவே கேட்கிறது, அவன் நல்லவன், தன் தண்ணீர் பாட்டிலை மெதுவாக மேஜை ஓரத்துக்கு என் பக்கமாகத் தள்ளிவைக்கிறான், மயக்கம் போட்டு விழப்போகிறேன் என்று நினைத்துவிட்டான் பாவம். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமா, ஏன் எனக்கு இவ்வளவு பயம், என்ன பயம், பதில் வராவிட்டால் நான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று ஆகிவிடும், அதுதானே, அந்த வெறுமையைப் பார்க்கக் கூடாதென்றுதானே இத்தனை வருஷமாக வாயால் அடைத்து அடைத்து வைத்தேன். வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம். வீட்டுக்காரர் கேட்பார், நானும் கொஞ்சம் பேசலாமா என்று, சிரித்துக்கொண்டுதான் கேட்பார், பேசுங்களேன், யார் வாயைப் பிடித்தது என்பேன், சொல்லிவிட்டு நானே பேசுவேன். மகளும் சொல்லியிருக்கிறாள். வாலு என்றுதான் அவளுக்கு வீட்டில் பெயர், சின்ன வயசில் ஒரு நிமிஷம் வாய் ஓயாது, எப்போது ஓய்ந்தது, ஒன்பதாவதிலா பத்தாவதிலா, அம்மாவாக இருந்துகொண்டு எனக்குத் தேதி தெரியவில்லை. நீதான் கேள்வியும் கேக்குற பதிலும் சொல்ற, நான் எதுக்கும்மா நடுவுல என்றாள் ஒரு தடவை, ஜோக் என்று எடுத்துக்கொண்டேன், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தேன்கூட.

வாலு… அவளை நினைக்கக் கூடாது என்றுதானே காலையில் வகுப்புக்குள் கால் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து பேசினாள், இரண்டாம் வருஷம், எட்டு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறாள், எப்போதும்போல நான்தான் பேசினேன், அப்பாவின் முதுகுவலி, மாடியில் குழாய் ஒழுகுவது, பயிற்சி கொடுக்க ஒருத்தர் வந்திருப்பது, அவர் கழுத்தில் தொங்குகிற சாமான், எல்லாம் சொல்லி முடித்து நான் மூச்சு வாங்கியபோது அவள், "அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். சொல்லு என்றேன். அப்புறம் சத்தமே இல்லை. ஹலோ, ஹலோ, கேக்குதா, என்றேன், லைன் கட்டாயிடுச்சு போலிருக்கே என்று அவரிடம் சொல்லிக்கொண்டே வைத்துவிட்டேன். உடனே திருப்பிக் கூப்பிட்டேன், அதில் ஒன்றும் குறை வைக்கவில்லை, கூப்பிட்டதும், கட்டாயிடுச்சு, என்ன, உடம்பு சரியில்லையா, ஜுரமா, அந்த ரூம்காரி மறுபடியும் ஏதாவது சொன்னாளா, பரீட்சை சரியா எழுதலையா, பரவாயில்ல விடு அடுத்த தடவை பாத்துக்கலாம் என்றேன். "ஒண்ணுமில்லம்மா. அப்புறம் பேசறேன்." இன்றைக்குப் புதன்கிழமை. அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. மூன்று நாளாக நானே தினம் இரண்டு தடவை கூப்பிடுகிறேன், சாப்பிட்டேன், தூங்கினேன், வகுப்பு இருக்கு, இவ்வளவுதான் வருகிறது. என்னவாக இருக்கும், யாரையாவது விரும்புகிறாளா, விரும்பட்டுமே, நான் என்ன கொம்பு முளைத்தவளா, வேண்டாமென்றா சொல்லப் போகிறேன், படிப்பை விடப்போகிறாளா, யாராவது அவளை ஏதாவது… அதை மட்டும் நினைக்கக் கூடாது. சொல்லுவா விடு, அவளா சொல்லட்டும் என்கிறார் அவர். அவருக்கென்ன, படுத்த உடனே தூக்கம் வருகிறது.

ஏழா எட்டா தெரியவில்லை, போகட்டும், மூணாவது பெஞ்சில் பேனா மூடி வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது. நான் பார்க்கக் கூடாது, பார்த்தால் சுருங்கிவிடுவாள், பார்க்காமலும் இருக்க முடியவில்லை, ஜன்னலைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்க்கிறேன். முதுகு நிமிர்கிறது. வாய் திறக்கிறது. சொல்லும்மா என்று நாக்கு நுனிவரை வந்ததைப் பல்லால் பிடித்துக்கொண்டேன், அதையும் சொல்லக் கூடாது, சொல்லு என்பதும் பேச்சுதான் மேடம் என்று ஸ்டாப்வாட்ச் சொல்லியிருக்கிறார். "மேம்… எங்க வீட்டுப் பூனை ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடிதான் படுக்கும்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஊமைக்கோட்டான் வாயைத் திறந்தால் பூனை வருகிறது, சிரிக்காமல் என்ன செய்வார்கள், அவள் முகம் காதுவரை சிவந்துபோயிற்று, என் வாய் தானாகத் திறந்துவிட்டது, பூனை இருக்கட்டும்மா, நாம பாடத்துக்கு வருவோம், இந்த வாக்கியம் முழுசாகத் தயாராகி நிற்கிறது, இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், யார் யாருடைய பூனையையெல்லாம் துரத்தியிருப்பேன்… பதில் வந்த பிறகும் கொஞ்சம் சும்மா இருங்க, முதல்ல வர்றது பாதிதான் இருக்கும், இதுவும் அவர் சொன்னதுதான். வாயை மூடிக்கொண்டேன். பல் பல்லோடு இடித்த சத்தம் எனக்கே கேட்டது. சிரிப்பு அடங்கியது. டக். மறுபடி டக். அவள் என்னைப் பார்த்தாள், நான் திரும்பாமல் இருப்பதைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன், இத்தனை மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள், மெதுவாக, ஒவ்வொரு படியாகக் கால் வைத்துப் பார்த்து இறங்குகிறவள் மாதிரி. அங்கே கதகதப்பாக இருக்கும், அதனால்தான் பூனை அங்கே போய்ப் படுக்கிறது, அப்படியென்றால் உள்ளேயிருந்து எடுத்த சூட்டைத்தான் பின்னால் விடுகிறது, கதவைத் திறந்து வைத்தால் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் ஒரே அறைதானே, இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் விட்டால் எப்படிக் குளிரும் என்றாள். நிறுத்தினாள். நான் பேசவில்லை. "மோட்டார் வேற ஓடுதே… அந்தச் சூடும் ரூமுக்குள்ளதான் வரும். அப்ப சூடாகும் மேம். குளிராது."

இருபத்திரண்டு வருஷம். இந்தக் கேள்விக்கு நான் சொல்கிற பதிலில் ஒரு தடவைகூடப் பூனை வந்தது கிடையாது, விதியின் பெயர், சமன்பாடு, அம்புக்குறி போட்ட படம், எல்லாம் வரும். அவளிடம் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை, ஆமா என்றேன் என்று நினைக்கிறேன், பூனைக்கு என்ன பேர் என்று கேட்டேன், கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றேன், இதற்கு அவள் உடனே சொல்லிவிட்டாள், மறுபடி எல்லாரும் சிரித்தார்கள், இந்தத் தடவை அவளும் சேர்ந்து சிரித்தாள். கடைசி பெஞ்சில் ஸ்டாப்வாட்ச் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். மிச்ச நேரம் பாடம் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அந்தக் கட்டத்தில் எழுதிய குறைவு என்ற சொல்லை மாற்ற முதல்வரிடம் கடிதம் கொடுக்க வேண்டுமா, அலுவலகத்திலேயே திருத்துவார்களா என்று ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது, கொடுத்துவிட வேண்டும், தப்பு என் பேரில் என்றே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மணி அடித்தது, பிள்ளைகள் போனார்கள், அவள் வாசலில் ஒரு கணம் நின்று, தேங்க்ஸ் மேம் என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடினாள், எதற்கு எனக்கு நன்றி, நான்தான் ஒன்றுமே செய்யவில்லையே.

அறை காலி. அவர் பையை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார், பத்து இல்ல மேடம், பதினாலு விநாடி இருந்தீங்க என்றார், அவர் முகத்தில் என்னைவிட அதிகச் சந்தோஷம், அப்புறம் வெளியே போய்விட்டார், மற்றதை நாளைக்குப் பேசலாமாம். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினாலு விநாடி, எனக்குப் பதினாலு மணி நேரமாக இருந்தது, அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும், அவளுக்கு அது தேவைப்பட்டிருக்கிறது, பூனையைத் தேடிப் பிடித்துக்கொண்டு வர அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது… மேலே டக் என்றது. மூன்று மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தன, போகிற பிள்ளைகள் அணைக்கவில்லை, சுவிட்சுப் பக்கம் போனேன், கை சுவிட்சின் மேல் இருக்கும்போது அந்தச் சத்தத்தை வேறு எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது, இதே சத்தம் இல்லை, இது டக், அது கிர்ர் என்று ஓர் இழுப்பு, சுற்றுக்கு ஒரு கிர்ர், எங்கே கேட்டேன், நம் வீட்டில் இல்லை… ஞாயிற்றுக்கிழமை. காதில். நான் ஹலோ ஹலோ என்றபோது, லைன் கட்டாயிடுச்சு என்று அவரிடம் சொன்னபோது, காதில் அது ஓடிக்கொண்டுதானே இருந்தது, அவள் கட்டிலுக்கு மேலே இருக்கிற மின்விசிறி, சேர்க்கப் போன அன்றைக்கே இதற்கு எண்ணெய் விடச் சொல்லு என்று நான்தான் சொன்னேன், அந்தக் கிர்ர், அதற்குள்ளே ஒரு மூச்சுகூட. லைன் இருந்தது. அவள் இருந்தாள். அவளும் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள்.

கைப்பையில் போன் எங்கேயோ அடியில் கிடந்தது, கண்ணாடிக் கூடு, சாவி, ஒன்றுக்கும் உதவாத காகிதம் எல்லாம் மேஜையில் கொட்டித்தான் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கமாட்டாளோ என்று இருந்தது, எடுத்தாள். "என்னம்மா, காலேஜ் நேரத்துல?" சாப்பிட்டியா என்று வந்தது, விழுங்கினேன். "அன்னிக்கு லைன் கட்டாகலடா. நான்தான் வச்சுட்டேன்." வேறு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை, அதனால் நிறுத்திக்கொண்டேன், பெஞ்சில் உட்கார்ந்தேன், உட்கார்ந்தபிறகுதான் அது மூணாவது பெஞ்சு என்று பார்த்தேன். வகுப்புக்குப் போகாமல் விடுதி அறையில்தான் இருக்கிறாள் போல. கிர்ர். கிர்ர். இடது கையால் என் வாயைப் பொத்திக்கொண்டேன், விரல் முழுக்கச் சாக்பீஸ் வாசனை, அவள் மூச்சு இழுப்பது கேட்டது, விடுவது கேட்டது, மறுபடி இழுப்பது கேட்டது. இந்தத் தடவை நான் எண்ணவில்லை.